மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி எவ்வாறு உருவாகிறது?

காசநோய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் இருமலோடு வருபவர்களில் பலர், மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டதால்தான் கேட்கவில்லை என்று சொல்வதுண்டு. உண்மையில் மாறியிருப்பது உடம்புக்குள் வாழும் கிருமிக் கூட்டம்.

நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் கோடிக்கணக்கான காசநோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். அவை பெருகும்போது மரபணுவைப் படியெடுப்பதில் தற்செயலான பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளால், காசநோயின் முக்கிய மருந்துகளில், ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு கிருமிக்கு ஐசோனியசிட்டையும், பத்துக் கோடியில் ஒன்றுக்கு ரிஃபாம்பிசினையும் தாங்கும் தன்மை, அம்மருந்துகளைச் சந்திப்பதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. இத்தகைய மாற்றங்கள் தேவையைக் கண்டு தோன்றுவதில்லை, முன்கூட்டியே தற்செயலாகத் தோன்றிவிடுகின்றன என்பதை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் 1943ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள்.

ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பெரும்பான்மைக் கிருமிகள் மடிய, நோயாளி தேறுவதுபோல் தோன்றும். ஆனால் தாங்கி நின்ற சிலவற்றின் வழித்தோன்றல்களே சில மாதங்களில் கூட்டம் முழுவதையும் நிரப்பிவிடும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் பெற்ற நோயாளிகள் பலர், முதலில் நலமடைந்து பின்னர் மீண்டும் நலிந்ததற்கு இதுவே காரணம். தனியொரு கிருமி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எவை பெருகின, எவை அழிந்தன என்பதில்தான் இயற்கைத் தேர்வு நிகழ்ந்தது.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஒருசேரத் தாங்கும் மாற்றங்கள் ஒரே கிருமியில் தற்செயலாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ கோடி கோடியில் ஒன்றுதான். கூட்டு மருந்துச் சிகிச்சையின் கணக்கு அவ்வளவுதான். வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒரு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஒழுங்காக விழுங்குபவரைக் கண்டால் எனக்குக் கூடுதல் கவலை ஏற்படுவதும் இதனால்தான்: அவர் அறியாமலேயே ஒற்றை மருந்துச் சிகிச்சைக்குத் திரும்பிவிடுகிறார்.

வைரஸால் வரும் சளிக்கு விழுங்கும் ஆண்டிபயாடிக்கும் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடையே இதே தேர்வை நடத்துகிறது. அவை தங்கள் எதிர்ப்பு மரபணுக்களைப் பிளாஸ்மிட்கள் எனும் சிறு டிஎன்ஏ வளையங்கள் வழியாக வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கொடுக்க வல்லவை என்பதால் அங்குச் சிக்கல் இன்னும் விரைவாகப் பரவுகிறது. காசநோய்க் கிருமிக்கு நல்லவேளையாக அவ்வழக்கம் இல்லை.

ஆகவே சிகிச்சை இடையில் நின்றவருக்கு, எஞ்சிய பழைய மாத்திரைகளைத் தொடரச் சொல்லாமல், சளியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளதா என்று மரபணுப் பரிசோதனை செய்கிறோம். அதன் முடிவு சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். மற்ற மருந்துகளுக்காகக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.