ஜன்னலுக்குப் புயல் தடுப்பு ஷீட்: முதலில் ஓட்டையைக் கவனியுங்கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று நமக்குப் பழக்கம்தான். உடுமலை, பல்லடம், தாராபுரம் காட்டுக்குள் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். எனக்குப் பயம் கோடைச் சூறைக்காற்றுதான். அது எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது. வாழையைச் சாய்த்துவிட்டு, தென்னை மட்டையையும் பக்கத்துக் கொட்டகைத் தகரத்தையும் கொண்டுவந்து கண்ணாடியில் அடிக்கும். அதைத் தடுக்க ஜன்னலுக்கு வெளியே பாலிகார்பனேட் (கண்ணாடி போலத் தெளிவான, எளிதில் உடையாத பிளாஸ்டிக்) ஷீட் மாட்டுவதுதான் என் வேலை.

கட்டடக் காற்று வேகத்துக்கான ஐ.எஸ். 875 விதிநூல் கோவைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அந்த வேகத்தில் 4க்கு 4 அடி ஜன்னல் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 140 கிலோ. நல்ல 5 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட்டைச் சரியாகப் பூட்டினால் தாங்கும். பூட்டிய இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டையே போட்டு முறுக்கிவிட்டேன். ஒரு கோடை முடிவதற்குள் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். பாலிகார்பனேட் வெயிலில் நீளும். நாலரை அடி ஷீட், விடிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 3 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். நீள இடம் வேண்டும். இப்போது 12 மி.மீ. ஓட்டை போட்டு, மேலே அகலமான வாஷர் வைக்கிறேன். ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலமாவது உள்ளே தள்ளித்தான் ஓட்டை. ரப்பர் வாஷர், வெயில் தாங்கும் இ.பி.டி.எம். வகையாக இருக்கட்டும். மெத்தென்ற பி.வி.சி. வாஷர் பட்டால் ஷீட் விரிசல் விடும்.

போல்ட்டை ஜன்னல் சட்டத்தில் அடிக்காதீர்கள், சுவரில் அடியுங்கள். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் சாதாரண ஆங்கர் சும்மா சுற்றும். வலைக்கூடு வைத்து, பசை செலுத்தி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் பிடிக்கும்.

ஷீட் வாங்கும்போது ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வளைத்துப் பாருங்கள். பாலிகார்பனேட் வளையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் அக்ரிலிக் படக்கென்று ஒடியும். யு.வி. பூச்சு (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு) உள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது.

சூறைக்காற்று சொல்லிக்கொண்டு வராது. அதனால் போல்ட் எப்போதும் சுவரிலேயே இருக்கட்டும். கீழே ஒரு அலுமினியச் சேனல் இருந்தால் 11 கிலோ ஷீட்டை அதில் நிறுத்திவிட்டு, இறக்கை வைத்த விங் நட்டைக் கையால் திருகிக்கொள்ளலாம். தோப்பைப் பார்த்திருக்கும், அதிகம் திறக்காத ஜன்னலுக்குச் சித்திரை, வைகாசி முழுக்க மாட்டியே வைத்துவிடுங்கள். ஷீட் தெளிவாக இருப்பதால் வீடு இருட்டாகாது. மாடி ஜன்னலுக்கும் முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும். காற்று கிளம்பிய பிறகு ஏணியில் ஏறவே ஏறாதீர்கள்.

அப்புறம் ஒன்று. கோடைச் சூறை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாரோ, அவர் கையால் ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்த பிறகுதான் நான் வேலையை முடித்துக் கிளம்புகிறேன்.