ஷவர் கதவு மூடவில்லையா? ரசமட்டத்தை எடுங்கள்

அமெரிக்காவில் சின்ன கேம்பர் ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் குட்டி வீடு, வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அரிசோனாவிலோ யூட்டாவிலோ நாலு மணி நேரம் ஓட்டிப் போய், முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஏறினால், கிளம்பும்போது தாழ் போட்ட ஷவர் கதவு பாதி திறந்து கிடக்கும். இழுத்துச் சாத்தினால் மேல்மூலை நிலையில் இடிக்கும். கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். குளித்து முடித்தால் வெளியே தரையெல்லாம் ஈரம். கை நேராகக் கீலுக்குத்தான் போகும். எங்கள் 16 அடி ட்ரெய்லரில் முதல் வருடம் முழுக்க நானும் கீலைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். கதவில் ஒரு கோளாறும் இல்லை என்று புரிய இரண்டு பயணங்கள் ஆயின.

வீட்டில் கதவு நிலை அஸ்திவாரத்தின் மேல் எழும்பிய சுவரில் பதிந்திருக்கிறது. ட்ரெய்லரில் அடியில் ஒரு இரும்புச் சட்டம், அதற்கு இரண்டு சக்கரங்கள், மேலே மெல்லிய பிளைவுட்டும் ஃபோமும் சேர்த்து ஒட்டிய சுவர். எடை குறைய வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். சாலையில் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அடிச்சட்டம் லேசாக முறுகும். உயரமும் ஒடுக்கமுமான ஷவர் நிலை அந்த முறுக்கில் செவ்வகமாக நிற்காமல் இணைகரமாகச் சாயும்.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, டேப்பால் முடியும். நிலையின் அகலம் 60 செ.மீ., உயரம் 180 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் இரண்டும் சரியாக 189.7 செ.மீ. வர வேண்டும். நிலையின் தலைப்பகுதி 5 மி.மீ. மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தால், ஒரு மூலைவிட்டம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீளும், மற்றது அதே அளவு குறுகும். ஆக, இரண்டுக்கும் 3 மி.மீ. வித்தியாசம் தெரிந்தால் நிலை கோணியிருக்கிறது என்று அர்த்தம். தாழ்ப்பாளின் நாக்கு துளையைத் தவறவிட இவ்வளவே போதும். காந்தப் பட்டை வைத்த கதவுக்கு இதைவிடக் குறைவே போதும். அந்த மாதிரிக் காந்தத்தின் பிடி, ஒரு மி.மீ. இடைவெளி விழுந்தாலே சட்டென்று தளர்ந்துவிடும்.

வண்டி நின்ற பிறகும் நிலை ஏன் கோணியே இருக்கிறது? அதற்குப் பெரும்பாலும் சாலை காரணமாக இருப்பதில்லை, நாம் நிறுத்திய விதம்தான் காரணம். ட்ரெய்லரின் நான்கு மூலைகளிலும் இறக்கிவிடும் ஜாக்குகள் இருக்கின்றனவே, அவை ஆட்டத்தை அடக்குவதற்காக வைத்தவை. தரை மேடுபள்ளமாக இருந்தால் பலரும் அவற்றைக் கொண்டே ஒரு மூலையைத் தூக்கி மட்டம் செய்துவிடுகிறார்கள். ஒரு மூலையைத் தூக்கினால் சட்டம் முறுகும், முறுக்கு நேராகக் கதவுக்கு வரும். ஒருநாள் சாயங்காலம் பின்பக்க இடது ஜாக்கை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அதுவரை இடித்துக்கொண்டிருந்த எங்கள் ஷவர் கதவு, விரலால் தள்ளியதும் போய் ஒட்டிக்கொண்டது. கீலை நான் தொடவே இல்லை.

சரியான வரிசை இதுதான். முதலில் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி இட வலத்தை மட்டம் செய்ய வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, முன்னால் இருக்கும் ஜாக்கால் முன் பின்னைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம்தான் மூலை ஜாக்குகள். அவையும் தரையைத் தொட்டு லேசாக இறுகினால் போதும்.

மட்டத்துக்கு இன்னொரு அவசியமும் உண்டு. நம் ஊர்க் கொத்தனார் குளியலறைத் தரைக்கு 'வாட்டம்' விடுவது போலவே ஷவர் தட்டுக்கும் வடிகாலை நோக்கி வாட்டம் இருக்கும். அமெரிக்க வீடுகளில் வழக்கமான கணக்கு அடிக்குக் கால் அங்குலம். கோணத்தில் சொன்னால் 1.2 டிகிரிதான். சக்கரங்கள் இரண்டும் 2 மீட்டர் இடைவெளியில் இருக்கும் வண்டியில், ஒரு பக்கம் 4 செ.மீ. தாழ்ந்தாலே அந்த வாட்டம் முழுக்க இல்லாமல் போய்விடும். அதற்கு மேல் சாய்ந்தால் தண்ணீர் வடிகாலுக்கு முதுகைக் காட்டிக் கதவடியில் தேங்கும். எவ்வளவு நல்ல ரப்பர் பட்டை போட்டாலும் தேங்கிய தண்ணீர் ஒரு வழி கண்டுபிடித்துவிடும்.

மடிப்புக் கதவோ திரையோ இருந்தால் வேறு சிக்கல். ஷவரைத் திறந்ததும் அது உள்பக்கம் உப்பி வந்து காலில் ஒட்டும், அடியில் இடைவெளி விழும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். விழும் துளிகள் காற்றையும் இழுத்துச் சுழல வைக்கின்றன, சுழலின் நடுவில் அழுத்தம் குறைகிறது, அந்தப் பக்கம் திரை இழுபடுகிறது என்பது அவர் கண்டது. 2001-இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. இதற்குத் தீர்வு சுலபம்: திரையின் அடியோரத்தில் கனம் சேர்ப்பது, அல்லது சுவரோடு பிடிக்கும் காந்தம் வைப்பது.

காலையில் நன்றாக மூடும் கதவு மதியம் இறுகினால், அது வெப்பத்தின் வேலை. 50 டிகிரி வித்தியாசத்தில் 180 செ.மீ. அலுமினியச் சட்டம் 2 மி.மீ. நீளும், அதே நீள அக்ரிலிக் பலகை 6 மி.மீ. நீளும், கண்ணாடி ஒரு மி.மீ. கூட நீளாது. பூட்டிக் கிடக்கும் ட்ரெய்லர் பாலைவன வெயிலில் 50 டிகிரியைத் தொடும், குளிர்கால இரவில் உறைநிலைக்குப் போகும். வெயில் நேரத்தில் இறுகுகிறதே என்று பலகையின் ஓரத்தை இழைத்துவிடாதீர்கள். குளிர் வந்ததும் அங்கே சந்து விழும்.

இத்தனையும் பார்த்த பிறகு கீலுக்கு வரலாம். பக்கவாட்டில் மாறி மாறி வரும் உதறல்தான் இறுக்கிய போல்ட்டை வேகமாகக் கழற்றுகிறது என்று 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் காட்டினார். ட்ரெய்லரில் அந்த உதறலுக்குக் குறைவே இல்லை. மெல்லிய பிளைவுட்டில் ஏறிய ஸ்க்ரூ நாளடைவில் தன்னைச் சுற்றியுள்ள மரத்தை அரைத்துவிடும், மரை பிடிக்காது. பெரிய ஸ்க்ரூவைப் போட்டு முறுக்குவதைவிட, சுவருக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை ஒட்டி அதில் ஸ்க்ரூவை இறக்குவது நீடிக்கும். மரைகள் கழலாமல் இருக்க ஊற்றும் பசையைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும் அதில் வெடிப்பு விடும்.

கண்ணாடிக் கதவானால், ஓடும்போது அது ஆடாமல் இருப்பது ரொம்ப முக்கியம். 8 கிலோ கதவு, பிரேக் அடிக்கும்போது தன் எடையில் பாதி அளவு விசையோடு தாழ்ப்பாளைத் தள்ளும். அந்தத் தாழ்ப்பாள் பெரும்பாலும் பிளாஸ்டிக். பதப்படுத்திய கண்ணாடியின் முகம் வலுவானது, ஓரம் அப்படி அல்ல. ஓரத்தில் பட்ட ஒரு அடியில் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடலாம். கிளம்பும் முன் ஒரு வெல்க்ரோ பட்டையால் கதவை நிலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும்.

கடைசியில், இடுக்குகளை அடைக்கப் பூசும் சிலிக்கான் பசை. சட்டமிட்ட கதவுகளில் உள்ளே புகும் தண்ணீர் திரும்பத் தட்டுக்கே வடிய, கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியில் உள்பக்கமாகச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பயந்துபோய் உள்பக்கமும் பூசினால் அந்த ஓட்டை அடைபட்டு, தண்ணீர் வெளியே வழியும். வெளிப்பக்கம் மட்டும் பூசுங்கள். பழைய சிலிக்கானின் மேல் புதியது சரியாக ஒட்டாது; பிளேடால் சுரண்டி எடுத்து, துடைத்து, காயவிட்டுத்தான் பூச வேண்டும். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து உள்ளாக அது இறுகும், சில வகைகளில் அப்போது வினிகர் வாடை வரும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவடியில் மெதுவாக ஊற்றி, டார்ச் அடித்து, அது வடிகால் பக்கம் போகிறதா என்று பாருங்கள்.