சிங்காராவின் சக்கரமும் ஒரு கழித்தல் குறியும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம் என் பேனா ஒரே இடத்தில் நின்றுவிடும். கம்பிச்சுருளோடு தொடர்புடைய காந்தப்பாயம் (சுருளின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) மாறும்போது அதில் மின்னியக்கு விசை (மின்னோட்டத்தை ஓடவைக்கும் மின்னழுத்தம்) தூண்டப்படும், அதன் அளவு காந்தப்பாயம் மாறும் வீதத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ஃபாரடேயின் விதியை மாணவிகள் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். சமன்பாடும் இருக்கும். அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கழித்தல் குறி மட்டும் பாதிப்பேருடைய தாளில் இருக்காது. கேட்டால், "அது திசைக்குத்தானே மிஸ், கணக்குக்கு வேண்டாமே" என்பார்கள். எண்ணை மட்டும் கேட்கும் கணக்குக்கு அது வேண்டாம்தான். ஆனால் நம் நீலகிரியில் மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீர் எப்படி மின்சாரமாக மாறுகிறது என்று கேட்டால், விடை முழுவதும் அந்தச் சிறு கோட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

உதகையில் புல்வெளியெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடந்த ஒரு ஜனவரிக் காலையில், ஒரு மீட்டர் நீளமுள்ள தடித்த செம்புக் குழாயையும், அதற்குள் தாராளமாக நுழையக்கூடிய ஒரு நியோடிமியம் காந்தத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதலில் காந்தத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை; செம்பைக் காந்தம் இழுப்பதில்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, காந்தத்தின் பருமனே உள்ள ஓர் இரும்புத் துண்டை மேலிருந்து விட்டேன். அரை விநாடிகூட ஆகவில்லை, கீழே வைத்திருந்த டஸ்டரில் விழுந்தது. அடுத்து காந்தத்தை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்பு எண்ணத் தொடங்கியது; காந்தம் வந்தபாடில்லை. "உள்ளே மாட்டிக்கிச்சு மிஸ்" என்றாள் முன்வரிசையில் இருந்தவள். பெஞ்சின்மேல் ஏறிக் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்த இன்னொருத்தி, "இல்லடி, மெதுவா இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு, சுவரைத் தொடவே இல்லை" என்று சொல்லி முடிக்கவும் காந்தம் கீழே வந்து விழவும் சரியாக இருந்தது.

குழாயைக் கம்பிச்சுருள் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எண்ணற்ற செம்பு வளையங்கள் என்று கருதலாம். இறங்கிவரும் காந்தத்துக்குக் கீழே உள்ள வளையத்தில் காந்தப்பாயம் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதலைத் தடுக்கும் திசையில் அதில் மின்னோட்டம் எழுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் வரும் காந்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. காந்தம் கடந்துபோன வளையத்திலோ காந்தப்பாயம் குறைகிறது. அந்தக் குறைவைத் தடுக்கும் திசையில் எழும் மின்னோட்டம், போகும் காந்தத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. கீழிருந்து தள்ளல், மேலிருந்து இழுவை: இரண்டும் சேர்ந்து காந்தத்தின் எடைக்குச் சமமானதும் அது மாறாத வேகத்தில் இறங்குகிறது. காந்தத்தின் நிறை 20 கிராம் என்றால், ஒரு மீட்டர் இறங்கும்போது அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 0.2 ஜூல். வேகம் கூடாததால் அது இயக்க ஆற்றலாகவில்லை. ஏறக்குறைய முழுவதும் மின்னோட்டமாக ஓடிக் குழாயில் வெப்பமாகிவிட்டது. அந்த வெப்பம் கைக்குத் தெரியாத அளவு சிறியது.

இந்த இடத்தில் கழித்தல் குறியை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். தூண்டப்பட்ட மின்னோட்டம் மாற்றத்தைத் தடுப்பதற்குப் பதில் அதற்குத் துணைபோகுமானால், காந்தம் இன்னும் வேகமாக விழும். வேகம் கூடினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் வேகம் மேலும் கூடும். எங்கிருந்தும் வராத ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். அப்படி நடக்காது, தூண்டப்பட்ட மின்னோட்டம் மாற்றத்தை எப்போதும் எதிர்க்கும் என்பதைத்தான் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய இயற்பியலாளர் லென்ஸ் 1834-இல் விதியாக வெளியிட்டார். சமன்பாட்டின் கழித்தல் குறி சொல்வது இந்த எதிர்ப்பைத்தான். பாடநூல்கள் ஃபாரடே விதியையும் லென்ஸ் விதியையும் தனித்தனித் தலைப்பின்கீழ் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது எவ்வளவு கிடைக்கும் என்று சொல்கிறது. இரண்டாவது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கும் மாணவிக்கு மின்னியற்றி (ஜெனரேட்டர்) கடைசிவரை ஒரு மாயப்பெட்டியாகவே இருந்துவிடும்.

மாற்றம் இருந்தால்தான் மின்னோட்டம் என்பதும் எளிதில் பிடிபட்ட உண்மையாக இருக்கவில்லை. மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்று 1820-இல் ஆர்ஸ்டெட் கண்டபின், காந்தத்திலிருந்து மின்னோட்டத்தைப் பெற முடியுமா என்று ஐரோப்பாவில் பலர் தேடினார்கள். ஜெனீவாவின் கொலாடான் 1825-இல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தவர். காந்தம், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள்ளைக் குழப்பிவிடக் கூடாது என்று எண்ணி, கருவியை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முள் அசைந்து, பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். ஃபாரடே லண்டனில் 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்களைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்த நொடியிலும் துண்டித்த நொடியிலும் மட்டுமே அடுத்த சுருளின் முள் துள்ளியதைக் கண்டார். இடையில் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது முள் அசையவில்லை. அந்த இரண்டு துள்ளல்களின் பொருள் அவருக்கு விளங்கியது.

இனி சிங்காராவுக்கு இறங்கலாம். கிளன்மார்கன் பக்கம் போனவர்கள், மலைச்சரிவில் மசினகுடிக் காட்டை நோக்கி நேராக இறங்கும் பெரிய எஃகுக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். பைக்காரா ஆற்றின் நீரை அவற்றின் வழியே 900 மீட்டருக்கும் மேல் செங்குத்து உயரத்திலிருந்து இறக்கி மின்சாரம் எடுக்கும் பணி, அடிவாரத்திலுள்ள சிங்காரா மின்நிலையத்தில் 1932-இல் தொடங்கியது. உயரத்தை 900 மீட்டர் என்றே வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் நீர் கீழே கொண்டுவரும் ஆற்றல் 88 லட்சம் ஜூல். வீட்டு மீட்டரின் கணக்கில் 2.45 யூனிட். வழியில் ஏற்படும் இழப்புகள் போக, மொட்டைமாடித் தொட்டி ஒன்றின் நீருக்கு ஏறத்தாழ 2 யூனிட் கிடைக்கும்.

குழாயின் முனையில் நீர் விநாடிக்குச் சுமார் 130 மீட்டர் வேகத்தில் பீறிட்டு, பெல்டன் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக உள்ள இரட்டைக் கிண்ணங்களில் மோதுகிறது. கிண்ணம் நீரின் வேகத்தில் பாதியளவு வேகத்தில் ஓடினால், மோதித் திரும்பும் நீரில் வேகம் ஏறக்குறைய மிஞ்சாது. ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போய்விடும். அப்படியானால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 65 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் அது விநாடிக்கு 10 சுற்றுச் சுற்றும். அதன் அச்சில் 5 இணைத் துருவங்கள் கொண்ட மின்காந்தத்தைப் பொருத்தினால், சுற்றியுள்ள நிலையான சுருள்களைத் துருவ இணைகள் விநாடிக்கு 50 முறை கடக்கும். நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் இப்படித்தான் பிறக்கிறது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். யாருமே மின்சாரத்தைப் பயன்படுத்தவில்லை என்று கொள்வோம். சுருள்களில் மின்னியக்கு விசை இருக்கும், ஆனால் சுற்று மூடப்படாததால் மின்னோட்டம் ஓடாது; சக்கரம் உராய்வை மட்டும் வென்றால் போதும், மெல்லிய நீர்த்தாரையிலேயே சுழலும். ஒரு விளக்கைப் போட்டவுடன் சுருளில் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம், செம்புக் குழாய் காந்தத்தைப் பிடித்ததுபோலவே, சுழலும் துருவங்களைப் பின்னுக்கு இழுக்கும். சக்கரம் கனக்கும், வேகம் ஒரு துளி குறையும், அதிர்வெண் 50-க்குக் கீழே நழுவும். அதை உணரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தாரையின் வாயை அடைத்திருக்கும் ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கூடுதல் நீரை விடும். அந்தக் கூடுதல் நீரின் ஆற்றல்தான் விளக்காக எரிகிறது. எதிர்ப்பு இல்லையென்றால் சக்கரம் வேலை செய்வதற்கே இடமில்லை. மின்னியற்றியில் ஆற்றல் கைமாறும் இடமே அந்தப் பின்னிழுப்புதான். தென்மண்டல மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்துவிட்டதால், ஒரு விளக்கின் கனத்தை இன்று நாடு முழுவதும் சுழலும் மின்னியற்றிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

கோவையில் போட்ட சுவிட்ச் மலையடிவாரத்துச் சக்கரத்துக்கு எப்படித் தெரிகிறது? இடையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றிகளும் அதே குறியால்தான் பேசிக்கொள்கின்றன. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், கம்பியில் வெப்பமாகும் இழப்பு நூறில் ஒன்றாகும். ஆகவே நெடுந்தொலைவுக்கு உயர் மின்னழுத்தம். மின்மாற்றியில் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் உண்டு: மின்மூலத்தின் பக்கம் முதன்மைச்சுருள், பயன்படுத்துவோர் பக்கம் துணைச்சுருள். துணைச்சுருளில் மின்னோட்டம் கூடும்போது அது உள்ளகத்தின் காந்தப்பாயத்தைக் குறைக்கப் பார்க்கிறது; அதை ஈடுகட்ட முதன்மைச்சுருள் மின்மூலத்திடமிருந்து அதிக மின்னோட்டத்தை வாங்குகிறது. இப்படி ஒவ்வொரு மின்மாற்றியாகத் தாண்டி, விளக்கின் தேவை சக்கரத்தை வந்தடைகிறது. உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாகச் செய்யாமல், மெல்லிய தகடுகளுக்கு மேற்பூச்சிட்டு அடுக்குவது, செம்புக் குழாயில் நாம் பார்த்த சுழல் மின்னோட்டங்கள் அங்கே வெப்பமாகி வீணாகாமல் இருப்பதற்காக.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போக வாய்த்தால், இலையைச் சுருட்டும் ரோலரை ஓட்டும் மோட்டாரின் பெயர்த்தகட்டைக் குனிந்து படித்துப் பாருங்கள். பல மோட்டார்களில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். நான்கு துருவ மோட்டாருக்குள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் சுழல்வதோ நிமிடத்துக்கு 1500 முறை. நடுவிலுள்ள சுழலிக்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் போவதில்லை. தன்னைக் கடந்து ஓடும் புலத்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டம், கடந்து ஓடுதல் என்ற மாற்றத்தையே தடுக்க முயல்வதால், சுழலி புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எட்டிப் பிடித்துவிட்டால் மாற்றம் இராது, மின்னோட்டம் இராது, இழுவையும் இராது. இலை நிறைந்த ரோலர் கனக்கும்போது அது இன்னும் கொஞ்சம் பின்தங்கி, அந்த அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். ஏதாவது சிக்கி அடியோடு நின்றுவிட்டால் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, சற்று நேரத்தில் காயில் எரிந்துவிடும். முழுச் சுமையில் ஒழுங்காக ஓடும் மோட்டாரில் அந்தப் பின்தங்கல் நிமிடத்துக்கு 60 சுற்று. ரோலரில் கிடக்கும் இலை முழுவதும் அந்த 60 சுற்றின் குறையால்தான் சுருள்கிறது.