வீட்டுப் பேனலைக் கேரவன் கூரையில் ஏற்றும் முன்

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் குளிர்காலம். பள்ளி விடுமுறையும் அதை ஒட்டி வருவதால், கேரவன் என்ற வீட்டு வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம். அவர்கள் திரும்பி வரும் வாரத்தில்தான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பட்டறைக்கு வேலை கூடும்.

2023இல் மின்வெட்டு வாட்டியபோது பலரும் வீட்டுக்கு சோலார் போட்டார்கள். அதில் மிஞ்சிய பேனல்கள் இப்போது கேரவன் கூரைக்கு ஏறுகின்றன. அண்ணன் ஒருவர் அப்படித்தான் 400 வாட் பேனல் இரண்டை வரிசையாக (ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவில்) இணைத்து, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் கன்ட்ரோலரில் கொடுத்திருந்தார். அது 100 வோல்ட் வரைதான் தாங்கும். "தம்பி, கோடையில மாட்டினேன், இங்க நல்லாத்தான் ஓடிச்சு. மலைக்குப் போன மறுநாள் காலையிலேயே செத்துப்போச்சு" என்றார்.

பேனலின் பின்பக்க லேபிளில் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதிலும் மின்சாரம் பாயாதபோது பேனல் காட்டும் வோல்டேஜ், 48 என்று இருந்தது. இரண்டும் சேர்ந்தால் 96. ஆனால் அது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. குளிர் கூடக் கூட வோல்டேஜ் ஏறும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். உறைபனி விழுந்த காலையில், பூஜ்ஜியம் டிகிரியில், முதல் வெயில் பட்டதும் அந்த 96 வோல்ட் 103ஐத் தொட்டுவிடும். கன்ட்ரோலர் கருகியது அதனால்தான். நான் லேபிள் கூட்டுத்தொகையை 1.2ஆல் பெருக்கிப் பார்ப்பேன். அது கன்ட்ரோலரின் எல்லைக்குள் வந்தால்தான் வரிசையாக இணைப்பேன். வராவிட்டால் பக்கவாட்டு இணைப்பு, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ். அப்போது ஆம்பியர் கூடும், தடித்த கம்பி வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். இப்படி இணைத்தால், கூரையில் இருக்கும் காற்றுப்போக்கி மூடியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்றது தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

என்னை அதைவிடக் கவலைப்பட வைத்தது பேட்டரிப் பக்கம். ஃபியூஸே இல்லை. "பேனல் கொடுக்கிறதே கொஞ்சம் கரண்ட்தானே" என்றார். பேட்டரி அப்படியில்லை. கூரை விளிம்பில் உரசி உரசிக் கம்பியின் தோல் கிழிந்து கேரவனின் உலோக உடம்பில் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பிள்ளைகள் தூங்கும் மெத்தைக்கு அடியில் ஓடுகிற கம்பி அது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆகவேண்டும்.

கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். அந்த நேரத்தில் பேனல் மேல் கனமான போர்வையைப் போட்டு மூடிவிடுங்கள்.

கூரையில் போடும் ஒவ்வொரு ஆணித் துளையும் மழைக்கு ஒரு வாசல். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். வாகனங்களுக்கென்றே வரும் பாலியூரித்தேன் பசை வாங்குங்கள். பேனலுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும். சூடேறினால் விளைச்சல் குறையும்.

இன்னொன்று, டர்பனில் ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் வடக்கே சுமார் 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மட்டமாகப் படுத்திருக்கும் பேனலுக்கு, நேரே விழும் வெயிலில் 60 சதவீதம்தான் கிடைக்கும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அந்த அண்ணனுக்கு ஒரு பேனலே போதுமானதாக இருந்தது. மற்றதை இறக்கியபோது அதன் ஆணிகளுக்குக் கீழே உள்கூரைப் பலகை ஈரம் ஊறி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. பலகையை மாற்றி, ஃபியூஸும் போட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.