நகர்த்தி வைத்த காலை நாய் ஏன் மறுபடி நகர்த்துகிறது?

கண்காட்சி நாயை என்னிடம் கூட்டிவருபவர்கள் பெரும்பாலும் நோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "டாக்டர், இவன் ரிங்கில் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்கிறான்" என்பார்கள். நடுவர் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து ஒரு காலை நகர்த்திவிடுகிறானாம். எடுத்து வைத்தால் மறுபடியும் அதே கால். பிடிவாதம், திமிர், பயிற்சி போதவில்லை என்று காரணங்களையும் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.

நாய்களின் தசை, மூட்டுப் பிரச்சினைகளையே நாள் முழுவதும் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: எப்போதும் ஒரே கால் நகர்கிறது என்றால், குணத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் காலைப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு டாபர்மேனை எடுத்துக்கொள்வோம். வயது இரண்டரை, எடை 34 கிலோ, பளபளக்கும் தோல். ஸ்டேக் செய்து, அதாவது நடுவர் பார்ப்பதற்காக நான்கு கால்களையும் உரிய இடத்தில் வைத்து நிறுத்தினால், இடது பின்னங்காலை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது புகார். "இங்கேயே நிறுத்திக் காட்டுங்கள்" என்றேன். உரிமையாளர் பழகிய கையால் நான்கு பாதங்களையும் வைத்தார். மனத்துக்குள் எண்ணினேன். பத்து வருவதற்குள் இடது பாதம் முன்னால் வந்துவிட்டது. திருப்பி வைத்தார், இந்த முறை எட்டு. அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் முகத்தைப் பார்த்தேன். கால் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் நாய் உதட்டை ஒருமுறை நக்கியது, காதுகள் பின்னால் சாய்ந்தன. திமிர் பிடித்த நாயின் முகம் அப்படி இருக்காது.

அடுத்து, வீட்டில் நாம் எடை பார்க்கும் சாதாரணக் கருவிகள் இரண்டை எடுத்துப் பின்னங்கால்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். முன்னங்கால்களுக்கு அதே உயரத்தில் பலகை. நாய் அசையும், எண்ணும் ஓடும். அதனால் ஐந்தாறு முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நலமான நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களிலும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களிலும் தாங்கும். இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இவனுக்கு வலது பக்கம் எட்டேகால் கிலோ, இடது பக்கம் ஐந்தேகால். அளவுநாடா வைத்துப் பார்த்தால் இடது தொடை இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. இடுப்பிலிருந்து காலை மெல்லப் பின்னுக்கு நீட்டியதும் திரும்பி என் கையைப் பார்த்தான். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு சுத்தம். முதுகெலும்பிலிருந்து இடுப்பின் உள்புறமாகத் தொடை எலும்புக்கு இறங்கும் தசையில்தான் பிடிப்பு. ஸ்டேக்கில் பின்னங்காலை எட்ட வைக்கும்போது இழுபடுவது சரியாக அதே தசை! ஓராண்டாக வலிக்கும் இடத்தைத் தினமும் இழுத்து வைத்து, 'நில்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்லா நாய்க்கும் வலிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பல நேரம் காரணம் நகம். இதில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், முதுகைக் கூனிக்கொண்டு நின்ற ஒரு நாய்க்கு ஆறு வாரம் வயிற்றுத் தசைப் பயிற்சி கொடுத்தேன், பலன் இல்லை. முடி அடர்ந்த பாதங்களை அந்த ஆறு வாரமும் நான் விலக்கியே பார்க்கவில்லை. நகம் நீண்டு தரையில் அழுந்தினால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்படும். அதைத் தவிர்க்க நாய் எடையைப் பின்னால் சாய்க்கும், பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவரும், முதுகு வளையும். கடினமான தரையில் நடக்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீளம். ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடாதீர்கள். உள்ளிருக்கும் சதையும் நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்தால் அது தானே பின்வாங்கும்.

முன்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரிங் ஓரத்தில் அதிகம் தவறாகப் பேசப்படுவது அதுதான். நாயின் முன்னங்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணைக்கப்படவில்லை. நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு அதற்குக் கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே நெஞ்சுக்கூடு தசைகளால் தொட்டில் போலத் தொங்குகிறது. தொட்டில் தளர்ந்தால் நெஞ்சு கீழே இறங்கும், முழங்கை வெளியே பிதுங்கும், தோளுக்குப் பின்னால் முதுகில் ஒரு பள்ளம் தெரியும். பார்ப்பவர்கள் "பிறவி அமைப்பே சரியில்லை" என்று முடித்துவிடுவார்கள். தோள்பட்டையின் கோணமும் எலும்பின் நீளமும் பிறவிதான். எந்தப் பயிற்சியும் அவற்றை மாற்றாது, மாற்றுவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். தொட்டிலை இறுக்கலாம். முன்பாதங்களைத் தாழ்வான, வழுக்காத ஒரு மேடையில் வைத்து நிறுத்தி, தோளில் விரலால் மெல்ல இடமும் வலமும் தள்ளுங்கள். விழாமல் எதிர்த்து நிற்கும் அந்த முயற்சியே பயிற்சி. பத்து விநாடி, ஓய்வு, மறுபடி பத்து விநாடி. இதைவிடக் கவர்ச்சியான கருவிகள் விற்பனைக்கு உண்டு, பெரும்பாலானவை தேவைப்படுவதில்லை.

பின்பக்கத்துக்கு உட்கார்ந்து எழுவதும், நேராகப் பின்னோக்கி நடப்பதும், தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டி மெதுவாக நடப்பதும் போதும். வாரத்தில் நான்கைந்து நாள், பத்து நிமிடம். தொடை நடுங்கினாலோ ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தாலோ அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். வித்தியாசம் கண்ணில் பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அடுத்த ஞாயிறு கண்காட்சி என்று புதன்கிழமை வருபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. வலி இருக்கும் நாய்க்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் பயிற்சி. எலும்பின் வளர்ச்சி முடியாத குட்டிகளைக் குதிக்க விடக்கூடாது. பெரிய இனங்களில் அது ஒன்றரை வயது வரைகூட நீளும். பெரிய இனக் குட்டிகளுக்குச் சரிவிகித உணவோடு கூடுதல் கால்சியம் கொடுப்பதும் எலும்பைக் கெடுக்கும்.

உடல்வாகு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு: சதை போட்டால் கம்பீரம் என்பவர்கள், பட்டினி போட்டால் வயிற்றுக் கோடு அழகு என்பவர்கள். இரண்டிலும் நான் இல்லை. உங்கள் கையை மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள்; விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் நாய் இளைத்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல இருந்தால் கொழுப்பு. விரித்த கையின் புறப்பகுதி போல, மெல்லிய போர்வைக்கு அடியில் எலும்பு தெரிந்தால் சரி. ஓட்டத்துக்கென்றே உருவான இனங்கள் இதைவிடச் சற்று ஒல்லியாகவே இருக்கும். 2002இல் வெளியான, 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. கொழுத்த நாயிடம் கம்பீரத்தைக் காண்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் உணவு அளவைப் பற்றிப் பேசுவேன்.

நடையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிராட் எனப்படும் சீரான மெல்லோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து போகும். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போனால் அது பேசிங். நீங்கள் மெதுவாக ஓடுவதாலும் வரலாம், களைப்பாலும் முதுகு வலியாலும் வரலாம். வேகத்தைச் சற்றுக் கூட்டியும் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கயிற்றை மேலே இழுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்து ஓட்டினால் முன்னங்கால் நீண்டு விழாது. கம்பீரம் என்று நினைத்து நடையையே வெட்டிக்கொள்கிறீர்கள்.

நொண்டலை மறைக்க வலிமாத்திரை கொடுத்து ரிங்கில் இறக்குவதைக் கண்டிருக்கிறேன். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வலி தெரியாமல் ஓடும் நாய் சிறிய பிடிப்பைக் கிழிசலாக்கிக்கொள்ளும். நாம் சாப்பிடும் இபுபுரூஃபன், பாராசிட்டமால் மாத்திரைகள் நாயின் உயிருக்கே உலை வைக்கலாம்.

டாபர்மேனுக்கு வருவோம். முதல் மூன்று வாரம் ஸ்டேக் பயிற்சியே கூடாது என்றேன். உரிமையாளருக்கு நாயைவிட அதிகமாக வலித்தது. சிகிச்சை, பிறகு படிப்படியாகப் பயிற்சி. ஒன்பதாவது வாரம் எடைக்கருவியில் வலது ஏழு, இடது ஆறரை. பின்னங்காலை இப்போது அவர் முன்போல எட்ட வைப்பதில்லை. கணுவுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்தோடு விட்டுவிடுகிறார். அன்றும் எண்ணினேன். நாற்பத்திரண்டில் ஒரு பாதம் நகர்ந்தது. இந்த முறை வலது முன்னங்கால், அவருடைய சட்டைப்பையில் இருந்த ஈரல் துண்டை நோக்கி.