அடுக்கு

வகுப்பில் ‘டூ பவர் ஃபைவ்’ என்று சொல்லப்படும் 2⁵-ஐத் தமிழில் ‘இரண்டின் அடுக்கு ஐந்து’ என்று படிக்கலாம். கீழே இருக்கும் 2 அடிமானம். அதன் தோளில் பொடி எழுத்தில் ஏறியிருக்கும் 5 அடுக்கு. இலங்கைப் பாடநூல்களில் இவை அடி, சுட்டி.

அடுக்குக்கான ஆங்கிலச் சொல்லான எக்ஸ்போனென்ட், ‘எடுத்து வெளியே வைத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஜெர்மானியக் கணிதர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544இல் வெளியிட்ட நூலில் இதைக் கையாண்டார். தோளில் எழுதும் இன்றைய முறையைப் பரப்பியது 1637இல் வந்த, பிரெஞ்சுக் கணிதர் தெக்கார்த்தின் வடிவியல் நூல். அடுக்குக்கு ஆங்கிலத்தில் இன்டெக்ஸ் என்றும் பெயர் உண்டு. இன்டெக்ஸ் என்றால் லத்தீனில் சுட்டுவிரல்; ‘சுட்டி’ அதற்கு நேர்ச்சொல்.

‘அடுக்கு’ இலக்கணத்திலும் உண்டு. ‘தீ தீ தீ’ என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அடுக்குத்தொடர். கணக்கிலும் அதே வேலைதான்: 2³ என்றால் 2 × 2 × 2. மூன்று இரண்டுகள் பெருக்கலில் அடுக்கி நிற்கின்றன. இது பிடிபட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். 2³ × 2⁴ என்பதில் மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழு; விடை 2⁷, அதாவது 128. பலர் 4⁷ என்று எழுதிவிடுகிறார்கள். அடிமானம் எப்போது மாறியது? 2³ + 2⁴ என்பதோ வெறும் 24. கூட்டலுக்கு இந்த விதி கிடையாது. வகுத்தலில் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். (2³)⁴ என்றால் மும்மூன்றாக நான்கு தொகுதி, ஆகவே 2¹².

எல்லாரும் இடறுவது 2⁰. ‘பூஜ்ஜியம் தடவை பெருக்கினால் எப்படி ஒன்று வரும்?’ நியாயமான கேள்வி. ஸ்டீஃபெல் போட்ட அட்டவணையின் ஒரு பகுதியை வலமிருந்து இடமாகப் பாருங்கள்: மேல்வரிசையில் 3, 2, 1, 0, −1, கீழ்வரிசையில் 8, 4, 2, 1, ½. மேலே ஒவ்வொன்றாகக் குறையும்போது கீழே பாதியாகிறது. பூஜ்ஜியத்துக்கு நேரே ஒன்றைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. குறை அடுக்குக்குப் பின்னம் வருவதும் இதனால்தான்.

‘படி’ என்று எழுதுவோரும் உண்டு. x² + 3x போன்ற பல்லுறுப்புக்கோவையில் வரும் மிகப்பெரிய அடுக்கைப் படி என்பார்கள். அச்சொல்லுக்கு இப்படி வேறு வேலை இருப்பதால், எண்களுக்கு ‘அடுக்கு’ என்றே வைத்துக்கொள்வது நல்லது.