பட்டாணிக்கு என்ன அவசரம்?

போன மார்கழியில் மன்னார்குடி வீட்டு மொட்டைமாடியில், ஒரு பழைய பெயின்ட் வாளியில் பட்டாணி போட்டேன். விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற குளிர் இருக்கிறதே, இது போதாதா என்ற நினைப்புதான். ஆறே நாளில் முளைத்தது. ஒன்றரைச் சாண் வளர்ந்து, பக்கத்தில் குத்தி வைத்த ஈர்க்குச்சியைத் தன் பற்றுக்கம்பியால் பிடித்துக்கொண்டு நாலு பூ விட்டது. மூன்று உதிர்ந்துவிட்டன. நாலாவதில் ஒரு காய் வந்தது, உரித்தால் உள்ளே இரண்டே மணி.

பட்டாணிக்குக் குளிர் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது அவகாசம். செடி நாட்களை எண்ணுவதில்லை, சூட்டை எண்ணுகிறது. பட்டாணிக்கு அடிக்கோடு சுமார் 4.5 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அன்றைய சராசரி வெப்பம் அதற்கு மேல் எத்தனை டிகிரியோ, அதுதான் அன்றைய வரவு. விதைத்ததிலிருந்து பறிப்புவரை 700 வரவு வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சராசரி 12.5 டிகிரி இருக்கிற ஊரில் நாளுக்கு 8 வரவு, அதாவது கிட்டத்தட்ட மூன்று மாதம். நம் ஊரில் மார்கழியிலும் சராசரி 25ஐ ஒட்டித்தான் இருக்கும், நாளுக்கு 20 வரவு, 35 நாளில் கணக்கு முடிந்துவிடும். நிஜத்தில் இவ்வளவு நேர்க்கோடாக நடக்காது, சூடு கூடக்கூட இந்தக் கணக்கு வளைந்துவிடும், ஆனால் போக்கு இதுதான்: செடி போதுமான இலை போடுவதற்குள் பூக்கிற வயது வந்துவிடுகிறது. காய்க்குச் சோறு போடுவது இலைதானே. போதாக்குறைக்கு இரவும் இறங்குவதில்லை, பகலில் சேர்த்த சர்க்கரையில் நல்ல பங்கைச் செடி ராத்திரி மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. பகல் 30ஐத் தாண்டினால் மகரந்தமும் கெட ஆரம்பிக்கும். என் மூன்று பூக்களும் உதிர்ந்த கதை இதுவாகத்தான் இருக்கும்.

சரி, நாகப்பட்டினமும் கடலோரம், இங்கிலாந்தும் கடலோரம், அங்கே மட்டும் எப்படிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது? கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும், பக்கத்து நிலத்தையும் அப்படியே பிடித்து வைக்கும். எந்த அளவில் பிடித்து வைக்கிறது என்பதுதான் வித்தியாசம். இங்கிலாந்து, அயர்லாந்தைச் சுற்றியுள்ள கடல் குளிர்காலத்தில் 8 டிகிரி போல இருந்து, கோடையில் 16, 17க்குப் போகும். நம் வங்கக் கடல் 25க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதனால் அங்கே வசந்தம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், பட்டாணியும் சாவகாசமாக வளரும்.

அங்கேயும் பட்டம் பார்த்துத்தான் போடுகிறார்கள். பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. அவர்களுக்குப் பிரச்சினை சூடு இல்லை, சொதசொதவென்ற ஈரம்தான். மண் 5 டிகிரியில் இருந்தால் பட்டாணி முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், 10 டிகிரியில் இரண்டு வாரம், 20ல் ஒரு வாரம். அந்த ஒரு மாதமும் ஈர மண்ணில் கிடந்தால் விதை அழுகிவிடும், மிச்சத்தை எலி தின்றுவிடும். ஆகவே மண் சற்றுச் சூடேறும்வரை பொறுத்திருப்பதே லாபம்.

அக்டோபர், நவம்பரிலேயே போட்டுக் குளிர்காலத்தைத் தாண்டவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு உருண்டை விதை ரகம்தான் எடுப்பார்கள், சுருங்கிய விதை ஆகாது. பட்டாணியை வைத்துப் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்த மெண்டல் 1866ல் வெளியிட்ட ஆய்வில் வருகிற அதே உருண்டையும் சுருக்கமும்தான். சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டுகிற ஒரு நொதி வேலை செய்யாது, அந்த மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்திருப்பதை 1990ல் கண்டுபிடித்தார்கள். மாவாகாத சர்க்கரை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், காயும்போது அந்தத் தண்ணீர் போய்த் தோல் சுருங்கிவிடும். தின்ன இனிப்பு, ஆனால் குளிர்ந்த ஈர மண்ணில் சீக்கிரம் அழுகும்.

முளைத்த பட்டாணியை விரலால் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். பருப்பு இரண்டும் மண்ணுக்குள்ளேயே இருக்கும், தண்டு மட்டும் மேலே வரும். உளுந்து அப்படியில்லை, பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பனிக்கட்டி கருக்கினாலும் குருவி கொத்தினாலும் பட்டாணிக்கு மண்ணுக்கடியில் சேமிப்பும் மொட்டும் இருக்கின்றன, மறுபடி துளிர்க்கும். உளுந்தின் குருத்தைப் பருப்போடு சேர்த்துக் கிள்ளிவிட்டால் அதோடு சரி.

அதற்காக உளுந்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தை மாதம் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். உழவில்லை, தண்ணீர் கட்டுவதில்லை, மண்ணில் மிஞ்சிய ஈரமும் பின்பனியும்தான். ஆடுதுறை 3 போன்ற ரகம் எழுபது எழுபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும். பட்டாணியைத் தடுமாற வைக்கிற அதே அவசரத்தில் உளுந்து காய்த்துத் தள்ளுகிறது, அதன் உடம்பு அந்தச் சூட்டுக்கே பழகியது.

இப்போதும் நான் மார்கழியில் பட்டாணி போடுகிறேன், காய்க்காக இல்லை, கீரைக்காக. மளிகைக் கடை முழுப் பட்டாணியே போதும், சாயம் ஏற்றாததாகப் பார்த்து வாங்கி இரவு ஊறவைத்து நெருக்கமாகப் போட்டால், இருபது நாளில் ஒரு சாண் வளர்ந்துவிடும். விதைக்கடை விதையில் பூசணக்கொல்லி தடவியிருப்பார்கள், அதைக் கீரைக்குப் போடாதீர்கள். அடியில் ஒரு கணு விட்டு நறுக்கினால் இன்னொரு தடவையும் துளிர்க்கும். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால், பச்சைப் பட்டாணி வாசனை அப்படியே இருக்கும்.